சர்வர் பக்கத்தைப் பிரித்துவிட்டேன்

செவ்வாய், இரவு. மழை.

இன்று உக்குவளை மசாலாக் கடைக்காரருக்குக் காட்டும்போது எங்கள் ஆபிஸ் அவருக்குச் செய்த ஓர்டர் சைட் படுத்துவிட்டது. பிரவுசரில் மட்டும் ஓடக்கூடிய ஒரு வரியை சர்வர் கோடில் எழுதி வைத்தது பிரதீப் அண்ணன், முதலாளியின் மச்சான். பிரவுசர் டைப்களும் சர்வர் டைப்களும் ஒரே கான்ஃபிக்கில் கிடப்பதால் பிழை காட்ட வேண்டிய டைப்ஸ்கிரிப்ட் வாயே திறக்கவில்லை. இரண்டையும் பிரிக்கலாம் என்று அண்ணனிடம் முன்பே சொன்னேன்.

"ஏலெவல் படிப்ப பாதியில விட்டவன், நீ எனக்குக் கிளாஸ் எடுக்கிறியா?" என்று சிரித்தார்.

இன்று முதலாளியிடம், "தம்பி பாத்த வேலதான் சேர்" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமையோட நீ வேலைய விட்டு நின்னுக்க."

வீட்டுக்கு வந்ததும் பிரித்தேன். சர்வருக்குத் தனிக் கான்ஃபிக் போட்டு, பிரவுசர் டைப்கள் எதையும் உள்ளே விடவில்லை. சர்வர் பக்கம் முழுக்கப் பிழை காட்டும் சிவப்பு. ஒவ்வொரு சிவப்பு வரியிலும் கர்சரை வைத்தால் எழுதியவர் பெயர் வருகிறது. எல்லாம் அண்ணன்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆபிஸ் குரூப்பில் போட்டு, "சேர், இதுல என் பேரு எங்கன்னு காட்டுங்க" என்று எழுதினேன்.

முதலாளி பார்த்துவிட்டார். அண்ணன் என் போனுக்குக் கோல் மேல் கோல் எடுக்கிறார். எடுக்கட்டும். இன்றைக்கு அவரும் தூங்க வேண்டாம்.