இரண்டு கிலோ ஈயம்

காத்தான்குடி
02.06.2024

அன்பின் அருமைநாயகம் மச்சான்,

போனில் கதைத்தால் உனக்கு மூச்சு முட்டுகிறது. அதனால் இந்தக் கிறுக்கல். நெஞ்சில் ஓட்டையோடு பிறந்து, ஒரே கிளினிக் வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இருபது வருசம் தேய்ந்தவர்கள் நாம். எனக்கோ வண்டியும் தொந்தியும் வைத்துவிட்டது. ஓட்டையைக் கொழுப்பு அடைத்திருக்கும் என்கிறாள் பரீனா, மனைவி என்ற பெயரில் எனக்கு வாய்த்த வானொலி. நீ இன்னும் தூண்டில் தடி.

டொக்டர் சொன்னதைக் கேள். வால்வு மாற்றுவதைத் தாங்க உடம்பில் சதை வேண்டும். மூன்று மாதம் முட்டை, மீன் தின்று, நடந்து, நாற்பத்தெட்டு கிலோவோடு போ. ஏறாவிட்டால் என் வலைக்கடையில் ஈயக்குண்டு கிடக்கிறது, இடுப்பில் கட்டிக்கொள்.

உன்
மஜீட்

மண்டூர்
01.09.2024

அன்பு மஜீட்,

முட்டை தின்றேன், ஊர்க் கோழிகள் என்னைக் கண்டால் ஒளிக்கின்றன. நடக்கப் போனால் கோயில் வாசலோடு கால் நின்றுவிடுகிறது. இன்னும் நாற்பத்தாறுதான். இந்த முறையும் திருப்பி அனுப்பினால் அடுத்த முறைக்கு நான் இருக்கமாட்டேன் என்று படுகிறது. ஈயம் என்று எழுதியிருந்தாயே, இரண்டு கிலோ பஸ்ஸில் கொடுத்துவிடு. பகிடி இல்லை. என் வீட்டுக்காரி அன்னப்பூரணிக்குத் தெரியவேண்டாம்.

அருமை

மண்டூர்
17.09.2024

மச்சான்,

ஈயத்தைச் சாறனுக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டு தராசில் ஏறினேன். நாற்பத்தெட்டு. உடம்பு வைத்துவிட்டீர்களே என்றாள் நேர்ஸ். ஐம்பது வயதில் முதல் தடவையாக ஒருத்தி சொல்கிறாள், வெட்கமாகப் போய்விட்டது. டொக்டர் தன் கையைப் பிடித்து இறுக்கச் சொன்னார். முழுப் பலத்தோடு இறுக்கினேன். அவர் இன்னொரு தரம் எடையைப் பார்த்தார். பிறகு ஒப்பரேசனுக்குத் திகதி எழுதினார்.

அருமை

காத்தான்குடி
10.12.2024

அன்பின் மச்சான்,

உன் பெயருக்கே எழுதுகிறேன். வேறு யாருக்கு எழுதுவது. ஒப்பரேசன் சரியாம். அதற்குப் பிறகு எழும்பத்தான் உன் உடம்பில் ஒன்றும் இருக்கவில்லையாம்.

நேற்றுக் கிளினிக்கில் என்னை நிறுத்தார்கள். எண்பத்திரண்டு. குறைக்க வேண்டுமாம். வாங்கில் உன் இடத்தில் என் குடையை வைத்திருந்தேன்.

உன் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு மண்டூர் போனேன். அன்னப்பூரணி ஒரு பால்மா டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே ஈயக்குண்டுகள்.

"இவர்ட பேக்குக்குள்ள கிடந்திச்சு, மஜீட் நானா. உங்கட கடைச் சாமான்போல. வலைக்கோ?"

"ஓம், வலைக்குத்தான்" என்றேன்.

நம்பினார். தேத்தண்ணியும் தந்தார். குடித்தேன்.

உன்
மஜீட்