மணிக்கட்டு தாங்கும் துப்பாக்கி

அன்புள்ள கண்ணு,

கைப்பையில் மறைத்து வைக்க ஒரு துப்பாக்கி பார்க்கச் சொன்னாய். ஆர்கன்சா மாநிலம் முழுக்கத் தேடினாலும் உன் மாமனைவிடத் துப்பாக்கி தெரிந்தவன் கிடையாது. கரடிகளே என்னைக் கண்டால் வேறு வழியாகப் போகும்.

வெர்னாவின் துப்பாக்கிக் கடையில் இருப்பதிலேயே சின்னதை எடுத்தேன். தீப்பெட்டி கனம்தான். கடைக்குள்ளேயே இருக்கும் சுடும் கூடத்தில் ஒரே ஒரு குண்டு சுட்டேன். கை எகிறியது, தொப்பி பறந்தது, மூக்கில் ரத்தம்.

"காத்து பலமா அடிக்குது" என்றேன்.

"நாலு சுவத்துக்குள்ள ஏது காத்து? ஏன் பெருசு, இதை வச்சு உங்க மருமக சுடணுமா, இல்ல இது அவளைச் சுடணுமா?" என்று வெர்னா சிரித்தாள்.

லேசான துப்பாக்கிதான் அதிகமாக உதைக்கும். இதை நானே கண்டுபிடித்தேன், வெர்னாவும் கூடவே சொன்னாள். கொஞ்சம் கனமாக, பிடி நீளமாக இன்னொன்று இருக்கிறது. அதன் உதை மெதுவாக இருக்கிறது. மாடிப்படியில் விழுந்து பிசகியதாகச் சொன்னாயே, அந்த மணிக்கட்டு தாங்கும். உன் வீட்டில் மாடி எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

இன்னும் வாங்கவில்லை. உன் கைதான் பிடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை கடைக்கு வா, பயம் போகும்வரை சுட்டுப் பழகுவோம்.

நீ விரட்டிவிட்ட புருஷன் டுவைட் மறுபடி உன் தெருவில் சுற்றுகிறானாம். அதனால் சனிக்கிழமைவரை உன் வாசலில் நிற்கப்போகும் சிவப்பு டிரக் என்னுடையது. அக்கம்பக்கத்தார் கேட்டால் பறவை பார்க்க வந்தேன் என்பேன். டுவைட் வந்து கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்வேன்.

உன் அம்மாவின் ஒரே தம்பி