உங்கள் சட்டைப்பையில் இருந்த முட்டை ஓடு

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

வேறு யாராவது வந்து சொல்வதற்கு முன்னால் ஒரு வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். போன மாதம் உங்கள் நத்தையைச் சோற்றுப் பாத்திரத்தில் வைத்து, அமரவிளையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். அடியில் ஈரத்துணி, மூடியில் மூச்சுக்குத் துளைகள். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா துளைகளைப் பார்த்துவிட்டு, "புட்டாணோ சேட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரத்தில் புட்டு துளை வழியாகக் கொம்பை நீட்டியது. அந்த அம்மா எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆயுசு முழுக்கக் கண்டக்டராக இருந்தவர் நீங்கள். நத்தைக்கு அரை டிக்கெட் உண்டா? உங்களிடம் கேட்க வழியில்லாமல், நான் எடுக்கவில்லை.

எல்லாம் நீங்கள் ஆரம்பித்து வைத்ததுதானே. வேலையை விட்டு வந்ததும் முன்னறையில் கண்ணாடித் தொட்டி வைத்தீர்கள். நாலைந்து கப்பி மீன், கூடவே ஒரு மஞ்சள் நத்தை. அதற்குப் பாபு என்று என் பெயரையே போட்டீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "நடை அப்பிடியே ஒன்னப் போலவாக்கும்" என்றீர்கள். என் டீக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தீர்கள். குழம்பில் போட வேண்டியதைக் கொஞ்சிக்கொண்டு திரிகிற மனுஷன் என்று நானும் சும்மா விடவில்லை.

நீங்கள் போன பிறகு அக்கா காலையில் பால் விடாத கட்டன்காப்பியோடு அந்தத் தொட்டியின் முன்னால்தான் உட்காருகிறாள். கிணற்றில் தண்ணீர் ஏறியது, தேங்காய் விழுந்தது, நான் குறட்டை விட்டது எல்லாம் அதனிடம் சொல்கிறாள். உங்கள் மகன் அஜின் பெங்களூரிலிருந்து போன் செய்து, வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிடுங்கள் அம்மா என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்வான். அக்காவுக்கு ஒரே பதில்தான்.

"பாபு இருக்கியது வரை நான் எங்கயும் இல்ல மக்களே. அவன் போனா பின்ன பாக்கலாம்."

வாசலில் நின்று அதைக் கேட்ட எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அத்தான். உடன்பிறப்பின் மேல் இவ்வளவு பாசமா என்று சாயங்காலம் வரை சந்தோஷமாகத் திரிந்தேன். பிறகுதான் எந்தப் பாபு என்று விளங்கியது.

அப்படிப்பட்ட பாபுவின் ஓட்டில்தான் அக்கா ஒருநாள் பொத்தலைப் பார்த்தாள். மேல் சுற்றில் வெள்ளை விழுந்து, பல்லில் சொத்தை விழுந்த மாதிரி அங்கங்கே குழி. ஓரம் காகிதம் போல மெலிந்து உடைந்திருந்தது. "எலே, இவனுக்கு ஓடு கரையுதுலே" என்று பக்கத்து வீட்டில் இருக்கிற என்னை மதில் வழியாகக் கூப்பிட்டாள். குரலில் விளையாட்டு இல்லை. கால்சியம் குறைந்தால் அப்படி வரும் என்று போனில் பார்த்து அஜின் சொன்னானாம்.

கால்சியம் என்றால் சுண்ணாம்புதானே? சுண்ணாம்புதான் எந்நேரமும் என் இடுப்பில் இருக்கிறதே! வெற்றிலைக்கு வைத்திருக்கும் டப்பியைத் திறந்து, ஒரு விரல் தாராளமாக எடுத்துத் தொட்டியில் கலக்கினேன். இந்த வைத்தியம் வேறு ஊர்க்காரனுக்குத் தோன்றுமா? தண்ணீர் வெளுத்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பாபு தன் ஓட்டின் கதவை இறுக்கிச் சாத்திக்கொண்டு கீழே விழுந்தது. அக்கா ஓடி வந்து எல்லாவற்றையும் கிணற்றுத் தண்ணீர் வாளிக்கு மாற்றினாள். கப்பி ஒன்று மட்டும் தப்பவில்லை. இந்நேரம் அங்கே வந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஒனக்க சுண்ணாம்ப ஒனக்க வாயில வச்சுக்க மாட்டியா பாவி?" என்றாள். திட்டினால் எனக்குப் பயமில்லை. ஆனால் அந்த ஞாயிறு அஜின் கேட்டபோது, "பாப்போம் மக்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு வாளிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுதான் என்னை உலுக்கியது. அவளும் போய்விட்டால் அந்த வீட்டுக்குப் பூட்டு. சாயங்காலம் கடை அடைத்து வந்து நான் யாரிடம் வாய் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது?

அதனால்தான் அந்தப் பஸ் பயணம். நெய்யாற்றின்கரை வளர்ப்பு மீன் கடைப் பெண் பாபுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"நூறு இட்டோ? சேட்டன் ஆளு கொள்ளாமல்லோ! முறுக்கான் கொடுக்கான் மறந்நு போயோ?"

நூறு என்றால் அவர்களுக்குச் சுண்ணாம்பு; கூடவே வெற்றிலை கொடுக்க மறந்துவிட்டேனா என்று கேலி. சிரித்து முடித்த பிறகு சொல்லித் தந்தாள். நம் பக்கத்துச் செம்மண் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கொஞ்சம்தானாம். மேலும் லேசாகப் புளிப்புச் சுபாவம் உள்ளதாம். அந்தத் தண்ணீர் நத்தை ஓட்டையே அரிக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு எல்லாவற்றையும் சுட்டுவிடும், மெல்ல மெல்லக் கரைகிற ஏதாவது தொட்டியில் கிடக்க வேண்டும். கணவாய் மீனின் ஓடு போடலாம், அல்லது கழுவி வேகவைத்துக் காயவைத்து நொறுக்கிய முட்டை ஓடு.

"முட்டத்தோடு தன்னெ மதி" என்றாள். முட்டை ஓடே போதுமாம்.

அத்தான், அப்போதுதான் எனக்கு உங்கள் சட்டைப்பை ஞாபகம் வந்தது. என் கடை பெஞ்சில் உட்கார்ந்து அவித்த முட்டை தின்றுவிட்டு, ஓட்டைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவீர்களே! டாக்டர் முட்டையைக் குறைக்கச் சொன்னதால் தடயத்தை மறைக்கிறீர்கள் என்றுதான் கடையே நினைத்தது. துணி துவைக்கும்போது அக்கா கண்டுபிடித்து உங்களைக் காய்ச்சி எடுப்பாள். மறைக்கிறவன் அதை வீட்டுக்கா கொண்டு போவான்? யாருக்காவது தோன்றியதா? நீங்களாவது வாயைத் திறந்தீர்களா? இல்லை, பாபுவைச் சாக்கு வைத்து இன்னொரு முட்டையும் தின்றீர்களா?

வந்து அக்காவிடம் சொன்னேன். முந்தானையால் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு, "அவிய சொல்லியிருந்தா நானே அவிச்சுக் குடுத்திருப்பேனே" என்றாள். உடனே, "ஒண்ணுதான் குடுத்திருப்பேன்" என்று திருத்தினாள்.

பொழியூரிலிருந்து மீன் கொண்டுவரும் லில்லியிடம் கணவாய் ஓடும் சொல்லி வைத்தேன்.

"ஒனக்கு கிளி உண்டா?" என்றாள். கூண்டுக் கிளிக்குக் கொத்தத்தான் அதை வாங்குவார்களாம்.

"கிளி இல்ல, நத்தை."

"அக்கா சோறு தரியதில்லியா, நத்தைய வளத்துத் தின்னப் போறியா?" என்றாள். ஆனாலும் கொண்டுவந்து தந்தாள். வேகவைத்தபோது வீடே கடற்கரையாக நாறியது. தொட்டியில் போட்டால் ஓடு படகு மாதிரி மிதந்தது. நூலில் கல்லைக் கட்டி இறக்கினோம். பாபு அதன் மேல் ஏறி, நான் பழம்பொரித் தட்டைப் பார்த்தது போல உட்கார்ந்துகொண்டது.

பழைய குழிகள் மூடாது, இனி வளர்வதுதான் நன்றாக வரும் என்று கடைப் பெண் முதலிலேயே சொல்லியிருந்தாள். அப்படியேதான். குழிகள் அங்கேயே இருக்கின்றன. ஆனால் வாய் ஓரத்தில் புதிதாக ஒரு வரி, மினுமினுவென்று, எலுமிச்சை நிறத்தில். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தாள். அந்த ஞாயிறு அஜினிடம் சொன்னாள்: "நீ வேணும்னா இங்க வா மக்களே. எனக்கு இங்க சோலி கெடக்கு."

ஆகவே சத்தியமாகச் சொல்கிறேன். என் கடையில் முட்டை அவியும் காலம் வரை ஓடு தட்டாமல் வீடு வந்து சேரும். அதுவும் என் சட்டைப்பையில்தான் வரும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். உங்கள் படம் தொட்டியின் மூடி மேல்தான் சாய்ந்து நிற்கிறது. கணவாய் ஓட்டின் நூலுக்காக மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தோம். இன்று காலை பார்த்தால் பாபு ஏறி வந்து, உங்கள் படத்தின் கண்ணாடியில், சரியாக மூக்குக்குக் கீழே, முட்டைகளைக் கொத்தாக ஒட்டி வைத்திருக்கிறது. ஆம், நம் பாபுதான்; அவன் இல்லை, அவள். பொரிகிறவரை தொடக்கூடாது என்பது அக்காவின் கட்டளை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆண்டு நினைவுக்கு ஆட்கள் வருகிறார்கள். அக்கா எவ்வளவு சொல்லியும் நீங்கள் மீசை வைத்ததில்லை. இப்போது உண்டு. இளஞ்சிவப்பு.

உங்கள் மச்சினன்,
மூத்த பாபு