ஞானமுத்துவின் பாலம்

1925 நவம்பர் 9, திங்கள்
காலையிலிருந்து மழை. குடையைப் பட்டறையில் மறந்தாயிற்று.

தைப்பிங் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆற்றுப்பாலத்தை ஞானமுத்துவிடமே கொடுத்துவிட்டார் துரை. முழுக்க இரும்பு. வெள்ளைக்காரன் கைபடாமல் ஒரு தமிழன் கணக்குப் போட்டு வரைந்தது, எங்கள் ஈப்போ பட்டறையில் இதுதான் முதல். எனக்கு அவனைவிட மூன்று வருஷம் சர்வீஸ் அதிகம். நான் வரைந்தது? தகரக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, மறுபடி தகரக் கொட்டகை.

வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், போகட்டும்.

நவ. 10, செவ்வாய்
வாங்க: பென்சில், சவரக் கத்தி, எஸ்தருக்குத் தைலம்.

எஸ்தர் சாப்பாடு போடும்போது, "ஞானமுத்து அண்ணன் பெரிய ஆளாயிட்டாருலா. கோயில்ல எல்லாரும் அதான் பேசுறாங்க." சொந்த மனைவியுமா! பாதியில் எழுந்துவிட்டேன்.

நவ. 11, புதன்
பாலத்தின் படம் தைப்பிங் போய்த் திரும்பி வந்தது. துணியில் வரைந்த மூலப்படம். ஓரமெல்லாம் சேறு. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் விரித்து அளவுகோல் வைத்தேன். எதற்கு? தப்புக் கண்டுபிடிக்கத்தான்.

கிடைத்தது! உத்தரத்துக்குப் பதினெட்டு அடி என்று எழுதியிருக்கிறான். கோல் வைத்தால் இரண்டு அங்குலம் குறைகிறது. மூன்று தடவை பார்த்தேன். வீட்டில் இரண்டு தட்டுச் சோறு.

நவ. 12, வியாழன்
துரையிடம் சொன்னேன், எல்லோர் முன்னாலும். இரும்பு வெட்டுவதை நிறுத்திவிட்டார்.

ஞானமுத்து வந்தான். துணியைத் தடவிப் பார்த்தான். "அண்ணே, இது மழையில நனைஞ்சி சுருங்கியிருக்கு. எழுதுன நம்பரத்தான் பாக்கணும், கோல் வைக்கக் கூடாதுலா."

புதிதாக வருகிறவனுக்கு முதல் நாளே சொல்லும் பாடம். நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். துரை முகம் சிவந்து வாயைத் திறக்குமுன் ஞானமுத்து முந்திக்கொண்டான்: "நான்தான் இவரை ஒரு தடவை சரிபார்க்கச் சொன்னேன், துரை."

பச்சைப் பொய். நானும் தலையாட்டினேன்.

நவ. 13, வெள்ளி
தூறல். ஞானமுத்து சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். காப்பி குடித்தான்.

"அண்ணே, பாலம் முடியிற வரைக்கும் கூட ஒரு ஆள் வேணுமான்னு தொரை கேட்டாரு. ஒங்க பேரச் சொல்லிட்டேன். திங்கக்கெழம தைப்பிங் போலாம்."

எஸ்தருக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியை இறக்கித் துடைக்கிறாள். சரி என்றேன்.

நேற்று அத்தனை பேர் முன்னால் அவன் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக அவனை வெறுத்துக்கொண்டிருப்பேன்.