மூன்று பந்திக்கு ஒரே ஆள்

3-2-98, செவ்வாய்

இன்று காலை என் பழைய மாணவி அகல்யா நினைவுக்கு வந்தாள். பத்தாம் வகுப்பில் வீட்டு விளக்குகளின் பக்க இணைப்பைப் பலகையில் வரைந்துகொண்டிருந்தபோது எழுந்து கேட்டாள்: "சார், இப்படியே பல்பு சேர்த்துக்கிட்டே போனா கடைசியில என்ன ஆகும்?" "மின்சார வாரியம் களைச்சுப் போகாதும்மா, உட்கார்" என்றேன். வகுப்பே சிரித்தது.

நினைவு வந்தது பக்கத்து வீட்டு இருதயராஜால். கட்கி தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு பழைய ஆம்னி வேன் வாங்கி வாடகைக்கு ஓட்டப் போகிறார். சவாரிக்கு வருகிறவர்கள் பாட்டு கேட்பார்களாம். கசார்வாடியில் முகமது ரஃபீக் கடையிலிருந்து ஆம்ப்ளிஃபயரும் நாலு ஸ்பீக்கரும் வாங்கி வந்துவிட்டார். "மாட்டறதுக்கு நீங்க இருக்கீங்களே சார், கடைக்காரன் எதுக்கு?"

ஓய்வு பெற்றபின் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. உடனே சரி என்றேன்.

6-2

மாட்டியாயிற்று. பக்கத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், இரண்டும் பக்க இணைப்பில். வீட்டு விளக்கு மாதிரி, ஒன்று போனாலும் மற்றது பாடும். ஆம்ப்ளிஃபயரின் முதுகில் 'நாலு ஓமுக்குக் குறையக் கூடாது' என்று இருந்தது. ஒவ்வொரு ஸ்பீக்கரும் நாலு ஓம். சரிதானே.

"நடுவுல இன்னொரு ஜோடி போடலாமா சார்?"

"தாராளமா."

மாலைக்குள் வாங்கி வந்து, நடுப் பலகைகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வட்டம் அறுத்துப் பொருத்தினார். தெருக்கோடி வரை பாட்டு கேட்டது. எனக்குத்தான் பெருமை.

8-2, ஞாயிறு

முதல் சவாரி. லோஹேகாவிலிருந்து ஒரு விமானப்படைக் குடும்பம், லோனாவலா மலைக்கு. மதியமே வண்டி காலியாகத் திரும்பிவிட்டது.

பாதி வழியில், ஆம்ப்ளிஃபயர் இருந்த சீட்டுக்கு அடியில் புகை. ரீனா என்கிற அந்த அம்மா குழந்தைகளை இறக்கி, வேறு வண்டி பிடித்துப் போய்விட்டாளாம். "கைக்குழந்தையோட ரோட்டுல நின்னாங்க சார். ஏர்ஃபோர்ஸ் சவாரி இனி வராது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவரே முந்திக்கொண்டார். "உங்க வேலையில தப்பில்ல சார். அந்த ஆம்ப்ளிஃபயர் டப்பாதான் தோ நம்பர் மால், போலிச் சரக்கு."

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

9-2

இருதயராஜ் கடைக்குப் போய் ரஃபீக்கைத் திருடன் என்று கத்தியிருக்கிறார். கடை நிறைய ஆள். ரஃபீக்கும் விடவில்லையாம், மாட்டியவன் யார் என்று கேட்டிருக்கிறார். என் பெயரைச் சொன்னதும் அடங்கிவிட்டாராம். அவருடைய பெரிய பையன் என்னிடம் படித்தவன். "மாஸ்டர்ஜி மாட்டியிருந்தால் தப்பு என் பொருளில்தான் இருக்கும்" என்று இந்தியில் சொல்லிப் புதியது எடுத்துக் கொடுத்தாராம்.

"பார்த்தீங்களா, உங்க பேருக்கு இருக்கற மரியாதைய?"

11-2

புதியதை மாட்ட உட்கார்ந்தேன். அதே எழுத்து, நாலு ஓமுக்குக் குறையக் கூடாது. கை நின்றுவிட்டது.

நாலு ஓம் மூன்று, பக்க இணைப்பில் சேர்ந்தால் தடை கூடாது, குறையும். ஒன்றே கால் சொச்சம். பத்தாம் வகுப்புக் கணக்கு. இதைத் தப்பாகப் போட்டதற்கு எத்தனை பிள்ளைகளுக்கு மார்க் குறைத்திருப்பேன்!

மின்சார வாரியம் கல்யாணச் சமையற்கட்டு, எத்தனை இலை போட்டாலும் சோறு வரும். இந்த டப்பா, வாளி தூக்கிப் பரிமாறுகிற ஒற்றை ஆள். மூன்று பந்தி ஒரே நேரத்தில் "சாதம்" என்று கூப்பிட்டால் சுருண்டு விழுவான். அகல்யா கேட்டது அதைத்தான். நான் ஜோக்கடித்து உட்கார வைத்தேன்.

தலைவலி என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அடுத்த சவாரி. நடு ஜோடியைக் கழற்றி, மீதியை ஒன்றன்பின் ஒன்றாக, தொடரிணைப்பில் போட்டால் பக்கத்துக்கு எட்டு ஓம். 'இப்படித்தான் நன்னா கேக்கும்' என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது?

மனைவி அபயாம்பாளிடம் மட்டும் சொன்னேன். "அந்த பாய் திருடன்னு பேர் வாங்கிண்டு நிக்கறாரே, அதையும் கழட்டி மாட்டுவேளா?" என்றாள்.

12-2

சொல்லவில்லை.

13-2

சொல்லிவிட்டேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே.

இருதயராஜ் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தார். அவர் கேட்டது புகையைப் பற்றியோ சவாரியைப் பற்றியோ அல்ல. "அப்ப அவனை நான் திருடன்னு சொன்னது?" என்றார்.

"நான் தனியாப் பார்த்துச் சொல்லிடறேன்."

"தனியா எதுக்கு சார்? நான் சொன்னப்ப நாலு பேர் இருந்தாங்க. நீங்க சொல்றப்பவும் நாலு பேர் இருக்கணும்."

15-2, ஞாயிறு

காலையில் நடு ஜோடியைக் கழற்றி, மீதியைத் தொடரிணைப்பில் மாற்றி மாட்டினோம். சவாரிக்குப் போகும் வழியில் இருதயராஜ் என்னைக் கசார்வாடியில் இறக்கிவிட்டு, இஞ்சினை அணைக்காமல் வாசலிலேயே நின்றார்.

கடையில் கூட்டம். என் இந்தி, வகுப்பறை இந்தி. "தப்பு என்னுடையது. உங்கள் பொருள் நல்ல பொருள்" என்றேன். ஒருவர் காதில் விழவில்லை என்றார். இன்னொரு முறை, உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. முப்பது வருஷம் கடைசி பெஞ்சு வரை எட்டிய குரல்.

ரஃபீக், புது டப்பாவுக்காக நான் நீட்டிய பணத்தை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை. கிளம்பும்போது, "மாஸ்டர்ஜி, நீங்கள் வராமலே இருந்திருக்கலாம்" என்றார். மன்னிப்பா, வருத்தமா? தெரியவில்லை.

இருதயராஜ் வாசலில் இல்லை. கேட்டுவிட்டுப் போயிருப்பார். பஸ்ஸில் திரும்பினேன்.

19-4

இரண்டு மாதம் வணக்கத்தோடு சரி. இன்று காலை வேலியருகே இருதயராஜ், கையில் இரண்டு வெற்று அட்டைகள்.

"ரஃபீக் பாய் அனுப்பினார். வாங்கறவன் எல்லாம் வீட்டுல தானே மாட்டி எரிச்சுட்டு வந்து சண்டை போடறானாம். கடையில தொங்கவிட, மாட்டறதுக்கு முன்னால எதைப் பார்க்கணும்னு உங்களை எழுதித் தரச் சொன்னார். இந்தியில ஒண்ணு. என் வண்டிக்குத் தமிழ்ல ஒண்ணு."

"கையெழுத்து வேணுமா?"

"போடுங்க சார். எரிச்சவர் யாருன்னு தெரியட்டும்." சிரித்தார். நடுப் பலகைகளின் இரண்டு ஓட்டைகளும் அப்படியே இருக்கின்றன. சவாரிக் குழந்தைகள் ஆரஞ்சுத் தோலைப் போடுகிறார்களாம்.

தமிழ் அட்டையை முதலில் எழுதினேன்:

நாலு ஓம் டப்பாவில் ஒயரை மாட்டுமுன், ஒரு பக்கத்து ஸ்பீக்கர் எல்லாவற்றையும் சேர்த்த இரண்டு முனையிலும் ஓம் மீட்டரை வைத்துப் பாருங்கள். நல்ல நாலு ஓம் ஸ்பீக்கரே மீட்டரில் மூன்றரை அளவில்தான் காட்டும்; மூன்றுக்குக் கீழே காட்டினால் மாட்டாதீர்கள். — சந்திரமௌலி