கட்டில்மேல் வைத்த ஸ்பீக்கர்

நேற்றைய சண்டைக்குப் பிறகு கணவன் யோகேஸ்வரனோடு அவள் பேசவில்லை. அவன் எழுவதற்குள் டிக்கோயா பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஜீவராணி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதினாள்:

"ரொட்டியும் சம்பலும் மூடி வச்சிருக்கேன். சாவி ஜன்னல்ல இருக்கு. உங்களுக்கு வாசிச்சுப் பார்க்கக் குடுத்த பேஸ் கிட்டார் ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கர் பெட்டியையும் திருப்பி எடுக்க, ஹட்டன் கடை அம்ஜத் நானா காலையில வருவாரு. குடுத்துறாதீங்க.

இந்தப் புது இலேசான பெட்டியில சத்தம் எடுபடலன்னு சொன்னீங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளை முழிச்சிரும்னு அதைக் கட்டில் மேலதானே வச்சு வாசிச்சீங்க? மெத்தை சத்தத்த முழுங்கிருச்சு. நீங்க கோவிச்சுக்கிட்டு வெளிய போனப்ப, நான் ஒத்தக் கையால எறக்கித் தரையில வச்சு கிட்டார்ல ஒரு கம்பியத் தட்டுனேன். நம்ம லயத்து வீட்டுக் கூரைத் தகரமே அதிர்ந்துச்சு. நேத்து இருந்த கோவத்துல சொல்ல மனசு வரல."

எழுதி முடித்துச் செருப்பை மாட்டியவள், திரும்பி வந்து தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"போன திருவிழாவுக்குப் பழைய பெட்டிய நீங்க தூக்கிட்டுப் போனீங்க. திரும்பி வரும்போது, அந்தக் கனத்துல இடுப்புப் பிடிச்சு, உங்கள நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க. வாசல்ல நின்னு அதப் பார்த்தவ நான்."