இன்னொரு மூக்கு

10 அக்டோபர் 2003, வெள்ளி

காலையிலிருந்து மழை. கழக்கூட்டம் ஹைவேயில் பஸ் ஊர்ந்தது. வரும்போது குடையை ஆபீசிலேயே மறந்துவிட்டு முழுக்க நனைந்தேன்.

ஸ்காட்லாந்துக் கிளையன்ட் இன்று ஊருக்குக் கிளம்பினார். டீம் லீடுகள் எல்லாருக்கும் ஆளுக்கொரு விஸ்கி பாட்டில். ஆண்களுக்கெல்லாம் கொடுத்து முடித்து என் முறை வந்ததும் மேனேஜர் குறுக்கே வந்து, "மேடத்துக்கு பிஸ்கட் டப்பா போதும்" என்று மாற்றப் பார்த்தார். சுருக்கென்றது. "எனக்கும் பாட்டிலே மதி, பிஸ்கட் வேண்டாம்" என்றேன். நாற்பத்தொரு வயதில் முதல்முறையாக ஆபீசே என்னைத் திரும்பிப் பார்த்தது, அதுவும் ஒரு பாட்டிலுக்காக.

கிளையன்டுக்கு மட்டும் சந்தோஷம். உட்கார்ந்து விளக்கினார். சிங்கிள் மால்ட். வருஷக்கணக்கில் ஒரு பீப்பாயில் கிடந்து, கடைசிக் கொஞ்ச காலம் போர்ட் ஒயின் இருந்த பீப்பாய்க்கு மாறியதாம். போர்ட் என்பது சாராயம் சேர்த்து வீரியம் கூட்டிய இனிப்பு ஒயின். ஐஸ் கூடாது, சோடா கூடாது. சில சொட்டு தண்ணீர். முதலில் மூக்கு, அப்புறம்தான் நாக்கு.

பக்கத்து சீட் பினு, அவன் மலையாளத்தில்: "சேச்சி, வேஸ்ட் ஆக்கண்டா. எங்களுக்குத் தந்தா மதி, கோலா சேர்த்து தீர்த்துத் தராம்."

பாட்டில் இப்போது அரிசி டப்பாவுக்குள். கீழ்வீட்டுச் சேச்சி வாடகைக்கு விட்டபோதே சொன்னது: "ஆணும் வேண்டா, கள்ளும் வேண்டா." முதலாவதுக்கு இதுவரை ஆபத்து இல்லை.

12 ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. அம்மா இறந்த பிறகு இதுவே வழக்கமாகிவிட்டது. துவைத்த துணி காயவில்லை. சாளை மீன் குழம்பு, உப்பு கூடிவிட்டது.

மத்தியானம் திறந்தேன். கதவைத் தாழிட்டு, திரையை இழுத்துவிட்டு, என்னவோ கொலை செய்யப் போகிறவள் மாதிரி. வாழ்க்கையில் நான் தொட்ட மது என்றால் சர்ச்சில் திருவிருந்தின்போது தரும் ஒரு வாய் ஒயின், அவ்வளவுதான். முதலில் எவர்சில்வர் டம்ளர். பாத்திர வாசம்தான் வந்தது. பழைய ஜாம் பாட்டிலைக் கழுவி அதில் மாற்றினேன். ஒரு ஸ்பூன் தண்ணீர்.

சிவப்போடிய செம்பு நிறம். ஆகா, இதுதான் போர்ட் பீப்பாய் தந்த நிறம் என்று மெச்சிக்கொண்டேன். நாக்கில் நெருப்பு. அப்புறம் மரம், துவர்ப்பு, ஏதோ கஷாயம். ஒரு வெள்ளைக்காரன் பெருமையாகக் கொடுத்தது இவ்வளவுதானா என்றிருந்தது. அப்போதுதான் கூஜாவைப் பார்த்தேன். நான் ஊற்றியது பதிமுகம் என்ற சிவப்பு மரச்சீவல் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். இந்த ஊரில் வீட்டுக்கு வீடு குடிதண்ணீரே ரோஸ் நிறம்தானே. அத்தனை வருஷம் காத்து வைத்ததை ஒரே ஸ்பூனில் ஆயுர்வேதம் ஆக்கிவிட்டேன்.

வாய்விட்டுச் சிரித்தேன். சொல்வதற்கு ஆள் தேடித் திரும்பினால் பிரிட்ஜ்தான் நின்றது. சிரிப்பு அதோடு சரி.

13 திங்கள்

ஆபீஸ். கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் திறக்கும்போது திரை ஒருமுறை துடிப்பதை நான் கண்ணால் பார்த்தேன். பினுவைக் கூப்பிட்டேன். எங்கள் டெஸ்டிங் டீமில் அதுதான் முறை. ஒருத்தி கண்ட பிழையை இன்னொருவரும் கண்டால்தான் பிழை, இல்லாவிட்டால் மூடிவிட வேண்டும். "எனிக்கு வருநில்ல சேச்சி" என்றான், அவனுக்கு அந்தத் துடிப்பு வரவில்லையாம். மூடினேன். கோபம் சாயங்காலம் வரை.

வரும் வழியில் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கினேன். நிறமில்லாதது.

அதே பாட்டில்தான், இன்றைக்கு வேறு சரக்கு. நிறம் மெலிந்த செம்பு, ஓரத்தில் மட்டும் ரோஸ். முகர்ந்தால் தேன், வறுத்த தானியம், ஆரஞ்சுத் தோல். கொஞ்சம் பொறுத்தால் உலர்திராட்சை. அதற்கும் அடியில் ஒன்று. எனக்குத் தெரிந்த வாசம், பெயர்தான் வரவில்லை. இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தேன்.

திருவிருந்து. எங்கள் சபை ஒயின். அச்சு அசலாக அதே வாசம்.

இந்த ஊரிலுள்ள எங்கள் தமிழ்ச் சபையில் திருவிருந்து வாங்கக் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பீடத்துக் கம்பி முன் முழங்காலிடுவார்கள். நானும் அம்மாவும் ஒரு குடும்பம். அம்மாவின் தோள் என் தோளில் இடிக்கும். அம்மா போன பிறகு ஒரு தடவை போனேன். அடுத்த பெஞ்சுக் குடும்பம் நகர்ந்து இடம் விட்டது, பஸ்ஸில் இடம் விடுவதைப் போல. அப்புறம் நான் போகவில்லை.

தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

15 புதன்

கரண்ட் இல்லை. மெழுகுவத்தி.

இரண்டு நாளாக ஒரே நினைப்பு. அந்த வாசம் உண்மையா, இல்லை என் மூக்கு அம்மாவைத் தேடுகிறதா? இன்னொரு மூக்கு வேண்டும். யார்? பினுவுக்குச் சபையும் தெரியாது, வாயும் நிற்காது. கீழ்வீட்டுச் சேச்சியிடம் போனால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். மிச்சம் அக்கா. நாகர்கோவிலுக்குப் போன் போட்டேன்.

"சாப்பிட்டியா? அந்த மார்த்தாண்டம் பையன் காரியம் என்னாச்சி?"

"பையனுக்கு அம்பது வயசுக்கா."

"ஆணுக்கு அம்பதெல்லாம் ஒரு வயசாடி."

"அக்கா, நம்ம திருவிருந்து ஒயினுக்க வாசம் ஓர்மை இருக்கா?"

"அதுக்கென்ன இப்பம்? நீ அத வாங்கி எத்தன நாளாச்சி. மொதல்ல அதுக்கு வழியப் பாரு."

வைத்துவிட்டேன். அக்காவிடம் எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு வேலை வரும்.

18 சனி

துலாவர்ஷம், அதாவது ஐப்பசி மழை, வெளுத்து வாங்குகிறது. அரிசி, சோப்பு, அக்காவுக்குத் தைலம் வாங்க வேண்டும். எதுவும் வாங்கவில்லை.

நான்கு மணிக்கு ஒரு வாய் ஊற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கதவு தட்டும் சத்தம். பாட்டில் டப்பாவுக்குள். கிளாசுக்கு நேரமில்லை, ஜன்னல் திரைக்குப் பின்னால் வைத்தேன். திறந்தால் எங்கள் போதகரின் மனைவி, சேலை முழங்கால் வரை நனைந்து. உலகத்தில் வரக்கூடாத ஆள்.

"அவருக்கு சுகர் கூடி காலுல புண்ணு. அதான் நான் மட்டும் வந்தேன் மக்ளே. ஒன்னிய கோயில்ல காணவே இல்லியே."

துண்டு கொடுத்தேன். டீ போட்டேன். ஜெபிக்கலாம் என்றார். கண்ணை மூடினோம். நோயாளிகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், மழையில் வீடிழந்தவர்கள். நடுவில் ஒரு வாக்கியம் பாதியில் நின்றது. மூக்கு உறிஞ்சும் சத்தம். பிறகு அவசரமாக ஆமென்.

"மக்ளே, வீட்டுல ஒயின் போட்டிருக்கியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொல்லாமலே இன்னொரு மூக்குக்கும் அது ஒயினாகப் பட்டிருக்கிறது. திரையை விலக்கிக் கிளாசை எடுத்து மேஜையில் வைத்தேன். "விஸ்கிம்மா" என்றேன்.

திட்டவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்த பாட்டிலின் லேபிளை முழுக்க வாசித்தார். பீப்பாய்க் கதையைச் சொன்னேன்.

"அப்பம் ஒயின எடுத்தாலும் மரத்துல வாசம் நிக்கும், அதுல இத ஊத்தினா பிடிச்சிக்கிடும். எனக்குத் தெரியாதா? நான் ஒயின் போடுத பரணிச் சாடியில ஒருக்கா மாங்கா ஊறப் போட்டேன். மாங்காயெல்லாம் திருவிருந்து வாசம்."

சபைக்கு ஒயின் போடுவது அவர்தான் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கிளாசை மூக்கருகே கொண்டுபோனார்.

"ஆமா" என்றார். "அடியில கெடக்கு. நம்ம ஒயின்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கென்று அவர் கேட்கவில்லை. ஒரு ஸ்பூன் கேட்டார். நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்து, "எரியுதே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பொறவு நல்லாத்தான் இருக்கு."

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது: "திருவிருந்துல மிஞ்சினத கீழ ஊத்தப்பிடாது, குடிச்சித் தீக்கணும். போதகர் குடிக்கதுதான் மொற. அவருக்கு சுகர் வந்த பொறவு நாந்தான். எல்லாரும் வாசல்ல பேசிட்டு நிப்பாவ. நான் போதகர் அங்கி மாத்துத உடுப்பறையில தனியா நின்னு குடிப்பேன். தப்பில்ல மக்ளே, ஜெபத்தோடதான் குடிக்கேன். ஆனாலும் தனியா நின்னு குடிக்கது ஒரு மாதிரி இருக்கும்."

நாளைக்குத் திருவிருந்து என்றுகூடச் சொல்லவில்லை. மேஜையில் வைத்துப்போன சபை நோட்டீஸ் தாளில் நானே பார்த்துக்கொண்டேன்.

19 ஞாயிறு

மழை விட்டிருந்தது. போனேன். பின் பெஞ்ச்.

குடும்பம் குடும்பமாக எழுந்து போனார்கள். எல்லாரும் முடிந்த பிறகு போதகரம்மா எழுந்தார். புருஷன் கம்பிக்கு அந்தப் பக்கம், புண் காலோடு கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு. இந்தப் பக்கம் இவர் ஒற்றையாக. சின்ன வயதிலிருந்து வருகிற சபை, எத்தனை போதகர் மாறிவிட்டார்கள். போதகர் மனைவிகள் எல்லாரும் இப்படித் தனியாகத்தான் போயிருப்பார்கள். நான் ஒருநாளும் கவனிக்கவில்லை.

எழுந்துவிட்டேன். கால் தானாகப் போனது. அவர் பக்கத்தில் முழங்காலிட்டேன். தோள் இடித்தது. அவர் நகரவில்லை.

கிண்ணம் எங்களிடம் வருவதற்குள், தலையைக் குனிந்தபடியே, உதடு அசையாமல்: "இன்னைக்கு ஊத்தினது கூடிப்போச்சி, மிச்சம் வரும். முடிஞ்சதும் உடுப்பறைக்கு வா மக்ளே."

போனேன்.